கர்ப்ப ஆட்சி: ஒரு சொல்லின் திறனாய்வு

கருத்தடை பற்றிப் பேசுங்கால் தமிழில் மூன்று தொடர்கள் வழங்கி வந்துள்ளன. ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்பது ஒன்று. ‘குடும்பத் திட்டம்’ என்பது மற்றொன்று. மூன்றாவதான ‘கர்ப்ப ஆட்சி’ என்பது பெரியார் ஈ.வெ.ரா. 1930களில் தம் நூலொன்றுக்குச் சூட்டிய பெயர். கட்டுப்பாடு எனின் கட்டுப்படுத்துவோர் வேண்டும். திட்டம் எனின் திட்டமிடுவோர் வேண்டும். ஆட்சி என்னும் சொல்லோ, ஆள்பவர் யார் என்னும் வினாவை எழுப்புகின்றது. மருத்துவ ஆராய்ச்சியை மதிப்பிடுதற்கும் அவ்வினாவே தக்க அளவுகோலாகும்.

1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்குச் சுற்றுப்பயணம் வந்த பெரியார், 1930இல் ‘குடி அரசு’ இதழில் கர்ப்பத்தடை குறித்து எழுதினார். நாட்டின் வறுமையையும் குழந்தைகளின் நலத்தையும் காரணங்காட்டிப் பிறர் அதனை ஆதரிக்க, அவர் பெண்ணின் விடுதலையையே முதற்காரணமாக நிறுத்தினார். அக்கட்டுரையின் வலிமை இதுவே. ஆயின், அவ்விடுதலைக்குக் கருவியாகும் மருந்து பெண்ணின் உடலை என்செய்யும் என்னும் வினாவுக்குள் அது புகவில்லை. மாத்திரை பிறவாத காலத்து எழுத்தின்மீது இதனைக் குற்றமாகச் சாற்றுதல் பொருந்தாது. எனினும் அவ்வினாவைக் காலம் விரைவிலேயே எழுப்பியது.

1956இல் கிரகரி பிங்கஸ், ஜான் ராக் ஆகியோர் கருத்தடை மாத்திரையைப் போர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடையே பெருமளவில் சோதித்தனர். கருவைத் தடுக்கும் மருந்து என்பதனை அறிந்த அப்பெண்கள், அது சோதனையில் உள்ள மருந்து என்பதனை அறிந்திலர். குமட்டல், தலைச்சுற்றல் முதலிய தொல்லைகள் 17 விழுக்காட்டினருக்கு ஏற்பட்டன என மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே அறிவித்தார். அவை மனத்தின் விளைவு என்று பிங்கஸ் ஒதுக்கினார். 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கென அம்மாத்திரை ஒப்புதல் பெற்றது. அதன் தீமைகளைக் கூறும் குறிப்பைப் பொதியுடன் வைக்கவேண்டும் என்னும் விதியோ 1970இல்தான் வந்தது. கோடிக்கணக்கான பெண்களுக்கு விடுதலை தந்த அதே மருந்து, முதற்கண் அவர்தம் சொல்லைக் கேளாமலே வளர்ந்தது.

மலேசியாவின் வரலாறு வேறு வழியில் அதே வினாவுக்கு வந்து சேர்கின்றது. 1953இல் சிலாங்கூரில் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. 1966இல் தேசியக் குடும்பத் திட்டச் சட்டம் பிறந்தது. பேறுகளுக்கிடையே இடைவெளியை நாடிய தாய்மார்க்கு அப்பணி பெருந்துணையாயிற்று. ஆயின் 1984இல் காற்று திசைமாறி, 70 மில்லியன் மக்கள்தொகை நாட்டின் இலக்காக அறிவிக்கப்பட்டது. முன்னர்ப் பிறப்பைக் குறைப்பது நாட்டு நலன். பின்னர்ப் பெருக்குவது நாட்டு நலன். இருமுறையும் எண்ணிக்கையே முன்னின்றது. பெரியார் பிரித்துக்காட்டிய வேறுபாடு எத்துணைக் கூரியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அண்மைக்கால ஆராய்ச்சி நம்பிக்கையளிப்பது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் எச்.பி.வி. நுண்மியே காரணம். அதற்கான தடுப்பூசியை மலேசியா 2010 முதல் பள்ளி மாணவியர்க்கு வழங்கலாயிற்று. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் தொடங்கிய ‘ரோஸ்’ திட்டத்தில், பெண்ணே தனியறையில் பஞ்சுக்குச்சியால் தன் மாதிரியை எடுத்துத் தருகின்றாள். முடிவு கைப்பேசிவழி அவளை வந்தடைகின்றது. நாணத்தால் மருத்துவமனையை அணுகாதாரை இகழாமல், அந்நாணத்தை மதித்தே முறையை மாற்றியமைத்தது இவ்வாய்வு. ஆளப்படுபவள் இங்கு ஆள்பவளாகின்றாள்.

எஞ்சியிருப்பது மொழியின் கடமை. பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ வாழும் தமிழ்த்தாய் ஒருத்தி, மகளுக்குத் தடுப்பூசியின் பயனை விளக்க முனைந்தால், கூச்சமின்றிச் சொல்லத்தக்க தமிழ்ச் சொற்கள் அவளுக்கு வேண்டும். அன்னையின் தியாகத்தைப் பக்கம் பக்கமாகப் பாடும் எழுத்து, அவள் கருப்பையின் நலத்தை ஒரு வரியேனும் பேசாதாயின், அப்பாட்டால் அவளுக்கு ஆவதென்ன? அறியாத ஒன்றை எவரும் ஆள இயலாது. அவ்வறிவைத் தெளிந்த தமிழில் தருவதே ‘கர்ப்ப ஆட்சி’ என்னும் சொல்லுக்கு எழுத்தாளர் செய்யத்தக்க உரையாகும்.