நினைவும் காகிதமும்

1

நண்பர் ஒருவர் என் மேசைமீது கிடந்த புத்தகங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "காஸாவில 2023 அக்டோபருக்கு அப்புறம் நடந்ததையெல்லாம் பார்த்தப்புறமும் உங்களுக்கு இதையெல்லாம் படிக்கத் தோணுதா?" கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு அரசு தன் போரை நியாயப்படுத்தத் தன் மக்களின் பழைய துயரத்தைச் சாட்சிக்கு அழைக்கும்போது, அந்தத் துயரத்தைப் பற்றிய எழுத்தின்மீதே சந்தேகம் விழுவது இயல்பு. நான் அன்று ஏதோ சமாளித்துவிட்டேன். ஒழுங்கான பதில் பிறகுதான் திரண்டது.

யூதர் என்றதும் நம் வாசக மனதில் எழும் உருவங்கள் மூன்று: பைபிளின் தீர்க்கதரிசி, வதைமுகாமின் எலும்புருவம், இஸ்ரேலியச் சிப்பாய். மூன்றுமே ஏற்கெனவே அர்த்தம் ஏற்றப்பட்ட உருவங்கள். மூன்றிலும் மிளகு விற்கிறவன் இல்லை, தம்பியோடு பாகத் தகராறு போடுகிறவன் இல்லை, சலவைக் கணக்கு எழுதுகிறவன் இல்லை. இந்த மூன்று உருவங்களையும் தயாரித்தது வரலாறு அல்ல, நினைவு. இரண்டும் ஒன்றல்ல என்பதைப் பேசும் நூலிலிருந்தே தொடங்கலாம்.

2

யோசெப் ஹயீம் யெருஷல்மியின் 'ஸாகோர்' 1982இல் வந்தது. நாலே நாலு சொற்பொழிவுகள் கொண்ட சின்னப் புத்தகம். 'ஸாகோர்' என்றால் 'நினைவில் கொள்' என்ற ஏவல். ஹீப்ரு வேதம் திரும்பத் திரும்பத் தன் மக்களுக்கு இடும் கட்டளை அது. யெருஷல்மி எழுப்பும் கேள்வி எளிமையானது. நினைவை மதக் கடமையாகவே ஆக்கிக்கொண்ட ஒரு மக்கள் கூட்டம், முதல் நூற்றாண்டின் ஜோசஃபஸுக்குப் பிறகு ஏறத்தாழப் பதினைந்து நூற்றாண்டுகள் வரலாறு எழுதுவதில் ஏன் அக்கறையே காட்டவில்லை?

அவருடைய பதில்: நினைவுக்கு வரலாறு தேவைப்படவில்லை. அதற்குச் சடங்கு போதும், நோன்பு போதும், துதிப்பாடல் போதும். 1171இல் பிரான்சின் ப்ளுவா நகரில் முப்பதுக்கும் மேற்பட்ட யூதர்களை எரித்துக் கொன்றார்கள். ஸிவான் மாதம் இருபதாம் நாள் அதற்கான நோன்பு நாளாயிற்று. 1648இல் உக்ரைனில் க்மெல்னிட்ஸ்கியின் கொசாக்குகள் யூதக் குடியிருப்புகளை அழித்தபோது போலந்தின் யூதத் தலைவர்கள் புதிய நாள் எதையும் தேடவில்லை. அதே ஸிவான் இருபதில் இதையும் சேர்த்துவிட்டார்கள். ப்ளுவாவுக்காக எழுதப்பட்ட பழைய பாடல்களே இதற்கும் பொருந்தும் என்று கருதப்பட்டது. நடப்பதெல்லாம் ஏற்கெனவே நடந்ததுதான். இது வரலாற்று உணர்வின் பற்றாக்குறை அல்ல, வேறொரு காலக் கணக்கு என்கிறார் யெருஷல்மி. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட பிறகு பதினாறாம் நூற்றாண்டில் சில வரலாற்று நூல்கள் எழுந்து அடங்கின. நவீன யூத வரலாற்றெழுத்து பிறப்பது 1819க்குப் பின், பெர்லினில், மதப் பிடிப்பு தளர்ந்த இளைஞர்கள் மத்தியில். நம்பிக்கையை இழந்தவனுக்கு வரலாறே நம்பிக்கையாகிறது. ஆனால் வரலாற்றாசிரியன் எவ்வளவு எழுதிக் குவித்தாலும் அறுந்துபோன நினைவை அவனால் ஒட்டவைக்க முடியாது. புத்தகம் முழுக்க ஓடுவது இந்தத் துக்கம்தான்.

இந்த எதிர்வு ரொம்பவும் கறாரானது என்று அமோஸ் ஃபுங்கன்ஸ்டைன் 1989இல் எதிர்வாதம் வைத்தார். சட்ட விளக்க நூல்களுக்குள்ளேயே, எந்த விதி எந்தக் காலத்துக்குரியது, எந்த இடத்துக்குரியது என்ற கூர்மையான வரலாற்றுப் பிரக்ஞை உண்டு என்பது அவர் வாதம். அது சரியானதே. என் சங்கடம் வேறு. யெருஷல்மியிடம் நினைவு, வரலாறு இரண்டுமே அர்த்தம் தேடும் காரியங்கள். ஒன்று கடவுளின் அர்த்தம், மற்றது பேராசிரியரின் அர்த்தம். அர்த்தமே தேடாமல் விட்டுச்செல்லப்பட்ட எழுத்துகளை என்ன செய்வது?

3

யெருஷல்மி சுட்டும் ஒரு சாட்சி மைமோனிடிஸ். பன்னிரண்டாம் நூற்றாண்டின் பெரிய யூதத் தத்துவவாதி. அரசர்களின் வரலாறு படிப்பதை வெட்டி வேலை என்று கருதியவர். சரி, இருக்கட்டும். அவர் வாழ்ந்தது பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில். அந்த ஊரின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் ஒரு அறை இருந்தது. அதில் அவர் கைப்பட எழுதி, அடித்து, திருத்திய வரைவுத் தாள்கள் கிடைத்திருக்கின்றன. அவருடைய தம்பி தாவீது செங்கடல் துறைமுகமான ஐதாபிலிருந்து எழுதிய கடிதமும் கிடைத்திருக்கிறது. வாங்க நினைத்த சரக்கு அங்கே இல்லை, அதனால் இந்தியாவுக்குக் கப்பலேறப்போகிறேன், கவலைப்படாதே என்கிற கடிதம். அந்தப் பயணத்தில்தான் தாவீது இந்தியப் பெருங்கடலில் மூழ்கி இறந்தார். அண்ணன் ஏறத்தாழ ஒரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். வரலாறு வேண்டாம் என்றவரின் வரலாறு, யாரும் வரலாறென்று நினைக்காத காகிதத்தில் இருந்துகொண்டிருந்தது.

அந்த அறைக்குக் கெனீஸா என்று பெயர். கடவுளின் பெயர் எழுதிய தாளைக் கிழித்தெறியக் கூடாது. நைந்துபோனால் எடுத்து வைத்து, பிறகு மனிதரைப் புதைப்பதுபோல இடுகாட்டில் புதைக்க வேண்டும். ஃபுஸ்தாத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, வேதத் தாள்களோடு ஹீப்ரு எழுத்தில் இருந்த எதையும் அதற்குள் போட்டுவிட்டார்கள்: கடன் பத்திரம், மணமுறிவுச் சீட்டு, மருந்துக் குறிப்பு, பிச்சை கேட்டு எழுதிய கடிதம், பள்ளிப் பிள்ளையின் எழுத்துப் பயிற்சி. இரண்டு, பெரும்பகுதியைப் புதைக்காமலே விட்டுவிட்டார்கள். எகிப்தின் வறண்ட காற்று மிச்ச வேலையைச் செய்தது.

1896இல் கேம்பிரிட்ஜின் சாலமன் ஷெக்டர் கெய்ரோவுக்குப் போனது ஒரு பழைய ஞானநூலின் ஹீப்ரு மூலத்தைத் தேடி. ஆக்னஸ் லூயிஸ், மார்கரெட் கிப்சன் என்ற இரட்டைச் சகோதரிகள் கொண்டுவந்து காட்டிய ஒரு தாள் அவரை அங்கே இழுத்தது. கேம்பிரிட்ஜில் மட்டும் இன்று 1,93,000 துண்டுகள் உள்ளன. ஆனால் வேதம் தேடிப் போனவர்களுக்குக் கணக்குச் சீட்டு கண்ணில் படாது. பயனில்லை என்று ஒதுக்கிய பெட்டிகள் 1950களில்தான் மறுபடி திறக்கப்பட்டன. எஸ். டி. கோய்டைன் அந்தச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். 'ஒரு மத்தியதரைக்கடல் சமூகம்' 1967இல் தொடங்கி ஐந்து தொகுதிகளாக வந்தது. கடைசித் தொகுதி 1988இல், அவர் இறந்து மூன்று வருஷம் கழித்து. ஆவணக் காப்பகத்துக்கு நேர் எதிரானது கெனீஸா என்பது அவர் கணிப்பு. காப்பகம் பயன்படுத்துவதற்காக வைத்துக்கொள்வது. கெனீஸா, பயன் தீர்ந்த பிறகு போட்டுவிடுவது. அங்கே தேர்வு இல்லை. தேர்வு இல்லாததால் அதிகாரமும் அங்கே கொஞ்சம் தளர்கிறது.

என் நண்பருக்கான பதிலின் முதல் பாதி இங்கே இருக்கிறது. இந்தக் காகிதங்களில் பெரும்பாலானவற்றின் மொழி எது? அரபி. ஹீப்ரு எழுத்தில் எழுதப்பட்ட அரபி. மைமோனிடிஸ் தன் தத்துவ நூலை எழுதியதும் அந்த மொழியில்தான். இவர்கள் கனவு கண்டதும் கணக்குப் பார்த்ததும் வசவு வைததும் அரபியில். முஸ்லிம் நீதிபதி முன்னால் வழக்காடினார்கள், முஸ்லிமோடு கூட்டு வியாபாரம் செய்தார்கள். கோய்டைன் ஜியோனியவாதி. 1923இல் ஜெர்மனியிலிருந்து பாலஸ்தீனம் போனவர். ஆனால் அவருடைய ஐந்து தொகுதிகளும் சேர்ந்து காட்டுவது, 'யூதன்', 'அரபி' என்ற இரு சொற்களை இன்றைய எல்லைக்கோட்டில் எதிரெதிரே நிறுத்த முடியாத ஓர் உலகை. ஆசிரியரின் அரசியலை அவர் கையிலிருந்த காகிதம் மீறிப் போகிறது. ஒரு நூலை ஆசிரியரின் சார்பை வைத்தே ஒதுக்கிவிடுகிற நம் வழக்கத்தால் இழப்பது இதைத்தான்.

4

அந்த உலகை நாவலாசிரியனின் கையோடு தொட்டவர் அமிதவ் கோஷ். 'இன் ஆன் ஆன்டிக் லேண்ட்' 1992இல் வந்தது. துனீசியாவின் மஹ்தியாவிலிருந்து ஏடன் வழியாக மங்களூர் வந்து, அங்கே பதினேழு வருஷம் போல இருந்து, வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகரையும், அவருடைய இந்திய அடிமையையும் கோஷ் தேடிப் போகிறார். ஏடன் கடிதங்களில் அந்த அடிமைக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். கோஷ் அவனுக்குப் 'பொம்ம' என்ற துளுநாட்டுப் பெயரை மீட்டுத் தருகிறார். அதற்காக அந்தப் புத்தகத்தின் மீது எனக்குத் தீராத பிரியம் உண்டு.

ஆனாலும் ஒரு முணுமுணுப்பு. போர்த்துகீசியர் வருவதற்கு முந்தைய இந்தியப் பெருங்கடலை கோஷ் ஓர் இழந்த சொர்க்கமாக ஆக்கிவிடுகிறார். கதையின் மையத்தில் ஒரு அடிமை நிற்கிறான், அருகில் ஒரு அடிமைப் பெண்ணும் நிற்கிறாள். அஷு. 1132 அக்டோபரில் பென் யிஜு அவளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அவளே அவருடைய பிள்ளைகளின் தாய் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1149இல் அவர் ஏடன் திரும்பினார். பிறகு மகளை எகிப்தில் தன் அண்ணன் தம்பி வழியிலேயே ஒரு பையனுக்குக் கட்டிக்கொடுத்தார். அஷு? தெரியாது. அவள் கையால் எழுதிய ஒரு வரிகூட அந்த லட்சக்கணக்கான துண்டுகளில் இல்லை. தேர்வே இல்லாத கெனீஸாவுக்கும் ஒரு வாசல் இருந்தது. ஹீப்ரு எழுத்து தெரிந்தவர்கள் மட்டுமே அதற்குள் நுழைய முடிந்தது. இந்த மௌனத்தை சொர்க்கம் என்ற சொல் மூடிவிடக் கூடாது.

இதே கடற்கரையில் வேறொரு வகை எழுத்தும் உண்டு. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதருக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகப் பேற்றோடு எழுபத்திரண்டு உரிமைகளையும் தந்த செப்பேடு. வட்டெழுத்தில் பொறித்தது, கொச்சி மட்டாஞ்சேரியில் காக்கப்படுவது. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடைப்பட்ட அந்த மொழி நமக்கு அந்நியமானதல்ல. ஆனால் செப்பேடு பேசுவது மன்னனின் குரலில். அது நிலைக்க வேண்டும் என்றே வெட்டப்பட்டது. பென் யிஜுவின் கடிதமோ படித்து முடித்ததும் செத்திருக்க வேண்டியது. ரப்பானுக்கு என்ன கிடைத்தது என்று செப்பேட்டிலிருந்து தெரியும். அவருக்கு யார்மேல் கோபம், யாரிடம் கடன் என்று தெரியாது.

5

கெனீஸாவில் போட்டவர்கள் நம்மை நினைக்கவில்லை. வார்சாவில் புதைத்தவர்கள் நம்மை மட்டுமே நினைத்தார்கள். சாமுவேல் காசோவின் 'நமது வரலாற்றை யார் எழுதுவார்கள்?' (2007) அவர்களைப் பற்றியது.

இம்மானுவேல் ரிங்கெல்ப்ளும் பயிற்சி பெற்ற வரலாற்றாசிரியர், இடதுசாரி. 1940 நவம்பரில், நாஜிகள் வார்சா கெட்டோவின் வாசலை அடைத்த அதே மாதம், சனிக்கிழமைகளில் கூடும் ஒரு ரகசியக் குழுவை அமைத்தார். 'ஓனெக் ஷபாத்', ஓய்வுநாள் மகிழ்ச்சி, என்பது அதன் மறைபெயர். அறுபது பேர் அளவில் அதில் வேலை செய்தார்கள். வினாப்பட்டியல் தயாரித்தார்கள், பேட்டி எடுத்தார்கள். நாட்குறிப்பு, கவிதை, ரேஷன் அட்டை, டிராம் டிக்கெட், மிட்டாய்த் தாள் எல்லாம் சேர்த்தார்கள். ராஹெல் அவுவெர்பாக் தான் நடத்திய கஞ்சித் தொட்டியைப் பற்றி எழுதினார். செசிலியா ஸ்லபாகோவா கெட்டோப் பெண்களைச் சந்தித்து அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். பிறகு அவரும் கொல்லப்பட்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது: தங்களுக்குத் தலைகுனிவு தருவதையும் அவர்கள் விடவில்லை. கள்ளக் கடத்தல், லஞ்சம், காட்டிக்கொடுப்பு, சொந்த மக்களை ரயிலேற்றிய யூதப் போலீஸ், எல்லாம் அதில் உண்டு. நினைவு இதையெல்லாம் வடிகட்டிவிடும். வடிகட்டவும் செய்தது. 1951இல் இஸ்ரேலிய நாடாளுமன்றம் நினைவு நாளை நிர்ணயித்தபோது 1943 ஏப்ரல் கெட்டோ எழுச்சியோடு அதை இணைத்தது. துப்பாக்கி எடுத்தவன் நினைவாகிறான். கஞ்சிக்கு வரிசையில் நின்று வரிசையிலேயே செத்தவள் காகிதத்தில் மட்டும் இருக்கிறாள்.

1942 ஆகஸ்டில், ட்ரெப்ளிங்காவுக்கு ரயில்கள் போய்க்கொண்டிருந்தபோது, நோவோலிப்கி தெருவில் ஒரு பள்ளிக்கூடத்தின் அடியில் பத்துத் தகரப் பெட்டிகளைப் புதைத்தார்கள். 1943 பிப்ரவரியில் இரண்டு பால் கேன்கள். 1944 மார்ச்சில் ரிங்கெல்ப்ளுமை மனைவியோடும் மகனோடும் பதுங்கிடத்தில் பிடித்துக் கொன்றார்கள். குழுவில் உயிர் தப்பியதாக அறியப்படுபவர்கள் மூன்றே பேர். அவர்கள் காட்டிய இடத்தில் தோண்டி 1946 செப்டம்பரில் பெட்டிகளை எடுத்தார்கள். 1950 டிசம்பரில் பால் கேன்கள் கிடைத்தன. தண்ணீர் புகுந்து பல தாள்கள் கெட்டிருந்தாலும் சுமார் 35,000 பக்கங்கள் தேறின.

யெருஷல்மியின் பிரிவினைக்குள் ரிங்கெல்ப்ளுமை எங்கே வைப்பது? நடப்பதைப் பழைய நோன்பு நாளில் சேர்த்துவிட அவர் மறுத்தார். பேராசிரியராக உட்கார்ந்து அர்த்தம் சொல்லவும் அவருக்கு அவகாசம் இல்லை. அர்த்தத்தைத் தெரியாத வாசகனிடம் ஒப்படைத்துவிட்டு, சான்றை மட்டும் மண்ணுக்குள் வைத்தார். இது நினைவும் அல்ல, வரலாறும் அல்ல. இரண்டையும் பிறகு யாராவது கேள்வி கேட்கட்டும் என்று விட்டுச்செல்வது.

6

நண்பருக்கான பதிலின் இரண்டாம் பாதி இதுதான். துயரத்தின் நினைவை எந்த அரசும் முதலாகப் போட்டு வியாபாரம் செய்யலாம். ஏனென்றால் நினைவு ஏற்கெனவே வடிகட்டப்பட்டது, கைக்கு அடக்கமானது. காகிதம் அப்படி அடங்காது. அரபியில் எழுதிய யூதனையும், அடிமை வைத்திருந்த யூதனையும், யூதனை ரயிலேற்றிய யூதனையும் அது பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கும். நினைவின் பெயரால் ஒருவன் ஆயுதம் எடுக்கும்போது அவனோடு வாதாட நமக்கு இருப்பது இந்தக் காகிதம்தான். அதைப் படிக்க மாட்டேன் என்று சொன்னால் அந்த மக்களின் கதை முழுவதையும் அரசின் கையில் நாமே எழுதிக்கொடுத்தவர்களாவோம்.

யெருஷல்மி பின்னாளில் தன் நூலுக்கு ஒரு பின்னுரை சேர்த்தார். மறதிக்கு எதிர்ச்சொல் நினைவு என்றுதானே எல்லோரும் எண்ணுகிறோம், ஒருவேளை அது நீதியாக இருக்குமோ என்று அதில் கேட்கிறார். தன் புத்தகத்தின் தலைப்பையே சந்தேகிக்கும் கேள்வி அது. நீதியைக் காகிதம் தந்துவிடாது, எனக்கு அந்தப் பிரமை இல்லை. ஆனால் வழக்கு என்று ஒன்று நடக்கிற நாளில் முதலில் கேட்பது சான்றைத்தான்.

ரிங்கெல்ப்ளுமின் குழு மூன்றாவதாக ஒரு தொகுதியையும் புதைத்ததாகச் சொல்லப்படுகிறது. ஸ்வியன்டோயெர்ஸ்கா தெருவில் தேடினார்கள். அது இன்னும் கிடைக்கவில்லை.