'வலியுறுத்துவோம்': கோத்தகிரித் தேர்தல் பரப்புரையில் சிக்கல்களின் தேர்வும் மொழியும்

முன்னுரை

தேர்தலில் வேட்பாளர் எதைப் பேசுகிறார் என்பதைப் போலவே, அதை எந்த வினையால் முடிக்கிறார் என்பதும் ஆய்வுக்குரியது. தமக்கு நற்பெயர் உள்ள சிக்கல்களையே கட்சிகள் முன்னிறுத்தும் என்று 1996இல் பெட்ரோசிக் விளக்கினார். இக்கருத்து கோத்தகிரிக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

தொகுதியும் சிக்கலும்

கோத்தகிரி, குன்னூர்ச் சட்டமன்றத் தொகுதியிலும் நீலகிரி மக்களவைத் தொகுதியிலும் அடங்கும். மறுவரையறைக்குப்பின் 2009 முதல் அம்மக்களவைத் தொகுதியில் உதகமண்டலம், குன்னூர், கூடலூர் ஆகிய மலைத் தொகுதிகளோடு, பெரும்பாலும் சமவெளி சார்ந்த மேட்டுப்பாளையம், அவினாசி, பவானிசாகர் ஆகியவையும் உள்ளன. மலையில் பசுந்தேயிலை விலையும் கீழே அத்திக்கடவு-அவினாசித் திட்டமும் வாழ்வாதாரச் சிக்கல்கள். இரண்டையும் தழுவும் பொதுப்பொருளை நாடும் பரப்புரை, தலைமை, மத்திய-மாநில உறவு ஆகியவற்றை நோக்கி எளிதில் நகர்ந்துவிடுகிறது.

சட்டமன்றத் தேர்தலிலும் இதனையொத்த நகர்வு உண்டு. 2017 ஏப்ரலில் நிகழ்ந்த கொடநாடு எஸ்டேட் கொலை, கொள்ளை வழக்கு 2021இல் தி.மு.க.வின் மாநிலப் பரப்புரையில் இடம்பெற்றது. கோத்தகிரி வட்டத்து ஊரொன்றின் பெயர் மாநில மேடையேறிற்று; அவ்வூரைச் சூழ்ந்த சிறு தேயிலை விவசாயியின் வருவாய் அந்த அளவு ஏறவில்லை.

வினைமுற்றின் அரசியல்

பசுந்தேயிலைக்குக் கிலோவுக்கு 33.50 ரூபாய் விலை கோரிச் சிறு விவசாயிகள் 2023இல் உண்ணாவிரதப் போராட்டம் நடத்தினர். தம்மைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டுமென்பது படுகர் மக்களின் நெடுங்காலக் கோரிக்கை. இவ்விரண்டையும் வெளிப்படையாக எதிர்த்து இம்மலையில் வாக்குக் கேட்பது எக்கட்சிக்கும் அரிது. அனைவரும் உடன்படும் சிக்கலுக்குத் தனிக்கட்சி உரிமை கொண்டாட இயலாது. ஆதலின் பெட்ரோசிக்கின் விளக்கம் இங்கு முழுமையாகப் பொருந்தவில்லை. 'எது சிக்கல்?' என்பதைவிட 'யார் தீர்ப்பார்?' என்பதே போட்டியாகிறது.

தேயிலை வாரியம் மத்திய வணிக அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. பழங்குடியினர் பட்டியலை அரசமைப்பின் 342ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றமே திருத்த இயலும். எனவே சட்டமன்ற வேட்பாளரின் வாக்குறுதி 'மத்திய அரசை வலியுறுத்துவோம்' என்னும் தொடரில் அடைக்கலம் புகுகிறது. இவ்வினை பொய்க்காது, ஒரு கடிதமோ தீர்மானமோ அதை நிறைவேற்றிவிடும். விலை உயராவிடினும் வாக்குறுதி காப்பாற்றப்பட்டதாகிறது. கேட்பவர் செவியில் 'செய்வோம்' என ஒலிப்பது, பொறுப்பேற்கும் வேளையில் 'கேட்டோம்' எனச் சுருங்குகிறது.

அதிகார வரம்பை நேர்மையாக ஒப்புக்கொள்ளும் சொல்லாகவும் இதனைக் கொள்ளலாம் என்பது மறுக்கத்தக்கதன்று. ஆயினும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையமான இண்ட்கோசர்வும், தாயகம் திரும்பிய தமிழருக்கு வேலையளித்த டான்டீயும் மாநில அரசின் கைக்குள் உள்ளவை. அவற்றைப் பற்றி 'செய்வோம்' எனக் கூற இயலும். காலவரையும் தொகையும் குறிக்கவும் இயலும்.

முடிவுரை

கோத்தகிரிப் பரப்புரையின் குறை, உள்ளூர்ச் சிக்கலைப் பேசாமையன்று. தம் அதிகாரத்திற்கு உட்பட்டதையும் உட்படாததையும் ஒரே குரலில் பேசுவதாகும். அவ்வேறுபாட்டை வாக்காளர் வினவத் தொடங்கும்போதே பரப்புரை பொறுப்புடைய உரையாடலாகும்.