கரிசல் வெயிலில் டைரக்ட் இன்ஜெக்‌ஷன்

மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் அருப்புக்கோட்டையைக் கடக்கும் சின்னக் கார்களின் பின்கதவில் ‘டர்போ’, ‘டிஎஸ்ஐ’ என்ற எழுத்துகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. இந்த வட்டாரம் நெடுங்காலம் டீசலை நம்பியது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்ததும் மாருதியும் ஃபோக்ஸ்வேகனும் டீசல் கார்களைக் கைவிட்டன. டீசலின் இழுவைக்குப் பழகியவர்களுக்கு மாற்றாக வந்தது டர்போவோடு சேர்ந்த டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் இன்ஜின். நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் வரி குறைவு. அதனால் கம்பெனிகள் இன்ஜினைச் சுருக்கி, அதனிடமே கூடுதல் வேலை வாங்கின.

எவ்வளவு வாங்கின என்பதற்கு ஹூண்டாய் வென்யூ நல்ல சான்று. 2019-இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து வந்த அந்தக் காரில் இரண்டு பெட்ரோல் இன்ஜின்கள் கிடைத்தன. 1.2 லிட்டர் சாதாரண இன்ஜினில் 83 குதிரைத்திறன், 114 நியூட்டன் மீட்டர் இழுவை. அந்த இழுவை முழுதாகக் கிடைக்க 4000 சுற்று வேண்டும். 998 சிசி மூன்று சிலிண்டர் டர்போவில் 120 குதிரைத்திறன். 172 நியூட்டன் மீட்டர் இழுவை 1500 சுற்றிலேயே வந்து 4000 வரை குறையாமல் நிற்கிறது. ஐந்து பேரை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு, பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரியை முந்தும்போது இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும்.

சாதாரண இன்ஜினில் பெட்ரோல் மூன்று, நான்கு பார் அழுத்தத்தில் வால்வுக்கு வெளியே தெளிக்கப்படுகிறது. டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் 200 பாருக்கும் மேலான அழுத்தத்தில் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. உள்ளே ஆவியாகும்போது அது காற்றின் சூட்டை உறிஞ்சுவதால், கலவை தானாகவே தீப்பற்றித் தட்டும் ‘நாக்கிங்’ தள்ளிப்போகிறது; டர்போ கூடுதல் காற்றைத் திணிக்க இடம் கிடைக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் காற்றே கொதித்து உள்ளே வரும் ஊருக்கு இது பொருத்தமான குணம். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் ஆவியாகும்போது இன்னும் அதிகச் சூட்டை இழுக்கிறது. ஆனால் லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. மைலேஜில் அது தெரியத்தான் செய்யும்.

இந்த இன்ஜின்களைப் பற்றிப் பரவியிருக்கும் பயங்களில் ஒரு பகுதி குளிர்நாடுகளிலிருந்து வந்தது. 2018-இல் ஹோண்டாவின் 1.5 டர்போ இன்ஜினில் பெட்ரோல் கசிந்து ஆயிலில் கலக்கிறது என்ற புகார் வட சீனத்திலும் அமெரிக்காவின் குளிர் மாநிலங்களிலும்தான் பெரிதாக எழுந்தது. சில்லென்ற சிலிண்டர் சுவரில் படியும் பெட்ரோல் எரியாமல் கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. மார்கழிக் காலையிலும் சீக்கிரம் சூடேறிவிடும் அருப்புக்கோட்டையில் அந்தப் பயம் பெரிதில்லை. நமக்கான பயங்கள் வேறு. அவற்றை எந்த விளம்பரத் தாளும் சொல்வதில்லை என்பதுதான் என் முதல் குறை.

முதல் பயத்தைக் கண்ணால் காண, ஐம்பது, அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஒரு டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வால்வின் தண்டும் முதுகும் கறுத்து, மேடுபள்ளமாக ஒரு பொருக்கு படிந்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டினால் மேல்பகுதி பொடியாக உதிரும். அடியில் பிசுபிசுவென்று ஒட்டும். பழைய முறையில் பெட்ரோல் அந்த முதுகில் பட்டுக் கழுவிக்கொண்டே போகும். இங்கே அது அந்தப் பக்கமே வருவதில்லை. கிராங்க்கேஸிலிருந்து திரும்பி வரும் ஆயில் புகை மட்டும் படிந்து வேகிறது. பெட்ரோல் டாங்கில் ஊற்றும் கிளீனரால் இதற்குப் பயனில்லை. அது வால்வின் முதுகைத் தொட வழியே கிடையாது. டொயோட்டா 2005-லேயே இரண்டு வகை இன்ஜெக்டரையும் ஒரே இன்ஜினில் வைத்து இதற்கு விடை கண்டது. நம் ஊர்ச் சின்ன டர்போக்களில் செலவு கருதி அதைச் செய்யவில்லை.

இரண்டாவது பயம் இன்னும் கடுமையானது. திருச்சுழி–நரிக்குடி சாலையில் கருவேல விறகு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு, கியரைக் குறைக்காமல் அப்படியே மிதித்து முந்துவது டீசல் காலத்துப் பழக்கம். குறைந்த சுற்றில் முழுப் பளுவை ஏற்றும்போது, சிலிண்டர் சுவரிலிருந்து தெறிக்கும் ஆயில்–பெட்ரோல் துளி பிளக் பொறி விடும் முன்பே தீப்பற்றிவிடக்கூடும். ஒரே அடியில் பிஸ்டனின் ரிங் விளிம்பு உடைந்த கதைகள் உண்டு. இதைத் தடுக்கவே 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்ற ஆயில் தரங்கள் வந்தன. டின்னின் பின்புறமுள்ள வட்ட முத்திரையில் அந்த எழுத்து இருக்கும். டிராக்டருக்கு வாங்கிய 15டபிள்யூ-40 டின்னில் மிச்சமிருப்பதை இதில் ஊற்றினால், இன்ஜின் உடனே ஒன்றும் சொல்லாது. அதனால்தான் அந்தத் தவறு நீடிக்கிறது.

கார் வாங்கும்போது தரும் கையேட்டின் பின்பகுதியில் ‘கடினப் பயன்பாடு’ என்று தனி அட்டவணை இருக்கும். தூசுப் பாதை, கடும் வெயில், நின்றபடி நெடுநேரம் இன்ஜின் ஓடுவது, குறுகிய தூர ஓட்டம் ஆகியவை அதில் வரும். ஆயிலைப் பாதித் தூரத்திலேயே மாற்றச் சொல்லும். கரிசல் தூசியில் ஓடி, வேப்பமரத்தடியில் ஏசி போட்டபடி அரைமணி நேரம் காத்திருக்கும் இவ்வூர்க் கார்களில் பெரும்பாலானவை அந்த அட்டவணைக்குள் அடங்கும். ஆனால் சர்வீஸ் கவுண்டரில் சொல்லப்படுவது ‘பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம்’ மட்டுமே. ஓடோமீட்டர் கிலோமீட்டரைக் கணக்கு வைக்கிறது. நின்றபடி ஓடிய மணிகளை வைப்பதில்லை. 83-க்கு 120 என்று குதிரைத்திறனைக் கொட்டை எழுத்தில் அச்சடிப்பவர்கள், அதற்கு ஈடாக வாங்குபவர் ஏற்கும் கடமையையும் அதே பக்கத்தில் அச்சடிக்க வேண்டும். பெட்டிக்கடையில் பாட்டிலில் விற்கும் பெட்ரோல் ஹைபிரஷர் பம்புக்கு ஆகாது என்பதையும் சேர்த்தே. அந்தப் பம்புக்கு மசகே பெட்ரோல்தான்.

பழி போடும்போதும் பகுத்துப் பார்க்க வேண்டும். ஃபோர்டின் 1.0 ஈக்கோபூஸ்ட் 2012 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உலகின் சிறந்த இன்ஜின் விருது பெற்றது. 2013-இல் மறைமலைநகர் ஆலையில் செய்த ஈக்கோஸ்போர்ட்டில் 125 குதிரைத்திறனோடு வந்தது. பின்னாளில் அந்த இன்ஜின் கொண்ட கார்களை ஃபோர்டு அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. அங்கே விற்ற ஈக்கோஸ்போர்ட்டும் மறைமலைநகரில் செய்ததே. காரணம் ஆயில் பம்பை ஓட்டும் பெல்ட். பெட்ரோல் பீய்ச்சும் முறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. உராய்வைக் குறைக்க ஆயிலுக்குள் ஓடவிட்ட பெல்ட் அது. சின்ன இன்ஜினிடம் பெரிய வேலை வாங்க இப்படிப் பல புதுமைகளை ஒன்றாகக் கட்டியதில், எது பழுதானாலும் பெயர் கெடுவது டைரக்ட் இன்ஜெக்‌ஷனுக்கு.

வாரம் மூன்று நாள் மதுரைக்கோ தூத்துக்குடிக்கோ போய் வருபவருக்கு, சரியான ஆயிலை ஐயாயிரத்தில் மாற்றும் பொறுமை இருந்தால், இந்த இன்ஜினைத் தயங்காமல் சொல்வேன். திருச்சுழியிலிருந்து பஜாருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் காருக்கு 83 குதிரைத்திறனே போதும். அந்த இன்ஜினின் வால்வைப் பெட்ரோல் தினமும் கழுவும். எனக்கு உண்மையில் கவலை மூன்றாவது கைக்காரரைப் பற்றித்தான். முதல் உரிமையாளர் வாரண்டிக்குள் ஓட்டி விற்றுவிடுவார். பொருக்கு கட்டிய வால்வும் தேய்ந்த பம்பும் பழைய கார் கன்சல்டன்ஸி வழியாக, தவணையில் வாங்கும் ஒரு நெசவாளர் வீட்டுக்கோ பூ வியாபாரி வீட்டுக்கோ போய்ச் சேரும். அவர் பெயின்ட்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன்பு கேட்க வேண்டியது ஆயில் மாற்றிய பில்களை: எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று, எந்த கிரேடு, எந்தத் தரம். அவை இல்லையென்றால் அதே காரின் 1.2 லிட்டர் மாடலைத் தேடுவது நல்லது.