'பண்ணு' ஒன்றே போதுமா? தமிழில் நடக்கும் தொழில்நுட்ப உரைகள் குறித்து ஒரு மதிப்பீடு

ஆசிரியர்களே, எஸ்.பி.எம். எழுதப்போகும் மாணவர்களே,

காஞ்சிபுரத்தில் ஒரு லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. கட்டற்ற மென்பொருளில் ஆர்வம் உள்ளவர்கள் சேர்ந்த குழு. ஞாயிறு மாலை 5 மணிக்கு இணையவழி கூடி, ஒரு மணி நேரம் தமிழில் தொழில்நுட்பம் பேசுகிறார்கள். நம் நேரத்துக்கு அது இரவு 7.30. கட்டணம் இல்லை, யாரும் சேரலாம். ரிங்லெட்டில் வீட்டில் உட்கார்ந்தபடி கைப்பேசியிலேயே கேட்கலாம்.

நிரல் எழுதுபவர்களின் பேச்சைத் தமிழாசிரியர் ஏன் மதிப்பிட வேண்டும் என்று கேட்பீர்கள். நம் மாணவர்களின் நிலையைப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் தமிழ் ஒரே ஒரு பாடமாகச் சுருங்கிவிடுகிறது. 2017 முதல் படிவம் ஒன்றிலேயே கணினி அறிவியலின் அடிப்படை வந்துவிட்டது. அதைப் படிப்பது வேறு மொழியில். அதனால் தமிழ் என்றால் வாழ்த்து, பழமொழி, திருவிழா. ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவதற்கு வேறு மொழி என்ற எண்ணம் பிள்ளைகளின் மனத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறது. இந்த எண்ணம் தவறு என்று காட்ட நமக்குச் சான்று வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உரைகள் அப்படிப்பட்ட சான்றுதான். ஆனால் அது எவ்வளவு வலுவான சான்று?

நிறை

பள்ளிப் பேச்சுப் போட்டியில் அவை வணக்கத்துக்கும் ஒரு குறளுக்கும் நேரம் போனபிறகுதான் தலைப்பு வரும். இங்கே பேசுபவர் பெயரைச் சொல்கிறார், எதைப் பற்றிப் பேசுகிறார் என்று சொல்கிறார், உடனே திரையைப் பகிர்கிறார். உரையின் தலைப்பும் சுருக்கமும் எடுக்கும் நேரமும் அறிவிப்பிலேயே வந்துவிடுவதால் அலங்காரத்துக்கு அங்கே வேலை இல்லை.

இந்த உரைகளின் உயிர், செய்து காட்டுவதில் இருக்கிறது. கட்டளையைத் தட்டியதும் விடை வரும். சில நேரம் பிழைச் செய்தி வரும். பிழை வந்தால்தான் நமக்கு லாபம். தயாரித்து வைத்த வாக்கியம் அப்போது உதவாது. "இங்க என்ன நடக்குதுன்னா...", "அது இல்லைன்னா...", "அப்படியும் வரலைன்னா..." என்று காரணமும் விளைவும் தானாக வாயில் வந்து விழும். நாம் வகுப்பில் நிபந்தனை எச்சம் என்று பெயர் சொல்லி நடத்துவது, அங்கே உண்மையான தேவைக்காக உழைக்கிறது. பேச்சுத் தமிழ்தான். இருந்தாலும் சிந்தனை தமிழில் ஓடுகிறது.

குறை

'ஆங்கிலச் சொல் அதிகம்' என்று பலர் குறை சொல்வார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. மேசை, அலமாரி, சாவி எல்லாம் போர்த்துகீசியரிடமிருந்து வந்தவைதான். தமிழ் அவற்றைத் தன்வசப்படுத்திக்கொண்டது. பொருளோடு அதன் பெயரும் வருவது வழக்கம். சர்வர், ஃபைல் என்று சொல்வதால் வாக்கியம் கெட்டுவிடாது.

வினைச்சொல் போவதுதான் கெடுதல். இப்படி ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "டேட்டாவை ஃபெட்ச் பண்ணி, ஃபில்டர் பண்ணி, டிஸ்ப்ளே பண்ணும்." மூன்று செயல்கள் நடக்கின்றன, தமிழ் வினை 'பண்ணு' ஒன்றே ஒன்று. ஏற்கெனவே தெரிந்தவருக்கு இது புரியும். புதிதாகக் கேட்கும் படிவம் இரண்டு மாணவருக்கு என்ன நடக்கிறது என்று கண்ணில் தெரியாது. அதையே, "டேட்டாவை எடுத்துட்டு வந்து, வேண்டியதை மட்டும் சலிச்சு, ஸ்கிரீன்ல காட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். டேட்டாவும் ஸ்கிரீனும் அப்படியே இருக்கின்றன. ஆனால் செயல் கண்முன் தெரிகிறது. உரைகள் தடுமாறும் இடங்களில் பெரும்பாலும் நான் கண்டது இந்த 'பண்ணு' நோய்தான்.

வாரம் முழுக்க ஆங்கிலத்தில் வேலை செய்பவர் நேரலையில் பேசும்போது இது வரத்தான் செய்யும். எழுத்தில் அவகாசம் உண்டு. 2012 ஜனவரியில் தொடங்கிய, த. சீனிவாசன் ஆசிரியராக இருக்கும் 'கணியம்' மின்னிதழையும், து. நித்யா எழுதிய 'எளிய தமிழில்' என்று தொடங்கும் கணினி நூல்களையும் இலவசமாகவே படிக்கலாம். உரையைக் கேட்டுவிட்டு இவற்றையும் படித்தால், அதே பொருள் எழுத்தில் எப்படித் தெளிகிறது என்று தெரியும்.

வாக்கிய அமைப்பே ஒரு பாடம்

முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்ச் சொற்களையே கட்டளையாகக் கொண்ட மொழி அது. அச்சிட 'பதிப்பி', முடிக்க 'முடி'. ஆங்கில வழி நிரல்மொழிகளில் 'இஃப்' முதலில் வந்து நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனை முதலில், 'ஆனால்' பின்னால். 'மழை பெய்தால்' என்பதில் '-ஆல்' கடைசியில் வருகிறதே, அதே ஒழுங்கு. சொல்லை மாற்றியதோடு நிற்காமல் தொடரமைப்பையும் மதித்திருக்கிறார்கள். உரை நிகழ்த்துவோரும் இதைக் கவனிக்கலாம்.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' தொகுத்த முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன், முரசு அஞ்சலாலும் செல்லினத்தாலும் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழை எழுத வைத்தார். தமிழ் இணைய மாநாடு 2001இலும் 2013இலும் கோலாலம்பூரில் நடந்தது. எழுதும் கருவி கைக்கு வந்துவிட்டது. அதை வைத்து விளக்கும் பழக்கத்தை வளர்ப்பது பள்ளியின் வேலை.

வகுப்பில் செய்து பார்க்க

1. ரிங்லெட் வட்டாரப் பிள்ளைகளுக்குத் தேயிலை புதிதன்று. போ தோட்டம் 1929இலேயே தொடங்கியது. கொழுந்து எப்படித் தேயிலைத்தூள் ஆகிறது என்று மூன்று நிமிடம் விளக்கச் சொல்லுங்கள். 'பண்ணு' மட்டும் வரக்கூடாது. பறி, வாட்டு, உருட்டு, நிறம் மாற விடு, உலர்த்து, சலி, தரம் பிரி என்று வினைகள் வரிசையில் வந்து நிற்கும்.

2. "கொழுந்து வாடியிருந்தால் உருட்டு, இல்லையென்றால் இன்னும் வாட விடு." இது ஒரு நிரல்தான் என்று சொல்லுங்கள். கணினி அறிவியல் பாடத்தில் படித்த ஒன்றை இதே முறையில் விளக்கச் சொல்லுங்கள்.

3. மாணவர்களே, கருத்து விளக்கக் கட்டுரை எழுதி முடித்ததும் வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். 'செய்', 'பண்ணு', 'நடத்து' திரும்பத் திரும்ப வந்தால் அங்கே உண்மையில் என்ன நடக்கிறது என்று உங்களையே கேட்டுத் திருத்துங்கள்.

மொத்தத்தில், இந்த உரைகள் மாணவர்களுக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கத் தக்கவை. குறையோடு கேட்டாலும் பலன் உண்டு. பிழைச் செய்தி வந்த கணத்தில் ஒருவர் தயங்காமல் தமிழில் யோசித்துப் பேசுவதைக் கேட்ட மாணவர், "தமிழில் இதையெல்லாம் சொல்ல முடியாது சார்" என்று அவ்வளவு எளிதில் சொல்லமாட்டார்.