கொம்பில்லாத கிடா முட்டின சத்தம்

சனிக்கிழமை விடியக்காலையில் எடப்பாடியிலிருந்து மாமாவோட கொங்கணாபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போனேன். ஆடு பிடிக்கப் போனது அவர். எனக்குக் கிடைச்சதோ டைனோசர்!

ரெண்டு மேச்சேரிக் கிடாய்ங்க. செம்பழுப்பு நிறம், மொழுக்கைத் தலை. அந்த இனத்துக்குக் கொம்பே கிடையாதே. கயிறு நழுவினதும் ரெண்டும் நாலெட்டு பின்னால போச்சு, தலையைத் தாழ்த்துச்சு, அப்புறம்... டொம்! எலும்போட எலும்பு மோதின சத்தம். என் பல்லே கூசிப்போச்சு. "பாக்கிசெபலோசாரஸ்!"னு கத்திட்டேன். டீக்கடையே திரும்பிப் பார்த்துச்சு. "ஏங்கண்ணு, கெடா முட்டி நீ பாத்ததே இல்லியா?" என்றார் ஆட்டுக்காரர்.

பார்த்திருக்கேன், ஆனா அந்தச் சத்தத்துக்குள்ள ஆறரைக் கோடி வருசத்தைக் கேட்டதில்லை! நினைச்சுப் பாருங்க: அமெரிக்கக் காடு, 15 அடி நீளத்துல இலை தழை தின்னுற டைனோசர், அதான் பாக்கிசெபலோசாரஸ், ரெண்டு காலில் நிக்குது, உச்சந்தலையில் குமிழ் மாதிரி எலும்பு, அதோட தடிமன் ஒரு சாண், ஆமாங்க, ஒரு சாண் முழுக்க எலும்பு! நம்ம மண்டை ஓடு ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது. அதுங்க முட்டிக்கவே இல்லைன்னு சொல்ற அறிஞர்களும் உண்டு, சொல்லட்டும்; 2013-ல் இப்படிப்பட்ட 109 குமிழ்களை ஆராய்ஞ்சாங்க, 24-ல் அடிபட்ட தழும்பு, அதுவும் பெரும்பாலும் உச்சியில! அந்தக் கூட்டத்துலயே ஸ்டெகோசெராஸ்னு ஒரு சின்னது, அதன் குமிழை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தா, முட்டுற ஆட்டு மண்டையில் இருக்குற மாதிரியே கெட்டி எலும்புக்கு நடுவுல பஞ்சு எலும்பு, அடியைத் தாங்குற மெத்தை!

இதைச் சொல்லிட்டிருக்கும்போதே காலடியில் ரெண்டு கிடாக்குட்டி, பால்குடி மறந்தே ஒரு மாசம் இருக்காது, நெத்தியோட நெத்தி வெச்சுத் தள்ளுதுங்க! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. ஏன்னா 2025-ல் மங்கோலியாவின் கோபிப் பாலைவனத்துல கிடைச்சதா அறிவிச்ச ஜாவாசெபலே, சுமார் 11 கோடி வருசத்துக்கு முந்தினது, இந்தக் குமிழ்த்தலைக் குடும்பத்துல இதுவரை கிடைச்சதுலயே மூத்தது, இன்னும் வளர்ந்து முடியாத பிள்ளை, நீளம் ஒரு மீட்டர்தான், ஆனா மண்டையில் குமிழ் முழுசா எழும்பி நிக்குது! உடம்பு வளர்றதுக்கு முந்தியே தலை முட்டலுக்குத் தயார்!

மாமா கிடாய்க்கு விலை பேசி முடிச்சிட்டுக் கூப்பிடுறார். நான் குட்டி நெத்தியில் உள்ளங்கையை வெச்சபடி நிக்கிறேன். அது பின்வாங்கி ஓடி வந்து முட்டுது.

இன்னொரு தடவை முட்டு, கண்ணு!