தலையெழுத்தும் பெரிய எழுத்தும்

என் தங்கச்சி வாந்திபேதியில் செத்தபோது எனக்கு ஒன்பது வயசு. கோடைக்காலம். ஊர்க் கிணற்றில் நாங்கள் வாளி விடக்கூடாது. யாராவது மனசு வைத்து எங்கள் குடத்தில் ஊற்றினால் உண்டு. அன்றைக்கு யாரும் ஊற்றவில்லை. அம்மா ஏரிக் குட்டையில் மொண்டு வந்த தண்ணியைத்தான் குடித்தோம். விடியறதுக்குள்ள புள்ள துவண்டுபோச்சு. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்: "எந்த சென்மத்துல பண்ண பாவமோ, என் தலையெழுத்து இப்படி ஆச்சே." அவள் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த வீட்டு ஆண்டை, சேரிக்குள் கால் வைக்காமல் தெருமுனையிலேயே நின்று சொன்னார்: "எல்லாம் அவங்கவங்க தலையெழுத்து. யார் என்ன பண்ண முடியும்?"

இரண்டு வாயிலிருந்தும் வந்தது ஒரே சொல். ஆனால் அது ஒரே வேலையைச் செய்யவில்லை. அம்மாவுக்கு அது மறுநாள் கூலிக்குப் போக எழுந்து நிற்பதற்கு ஒரு ஊன்றுகோல். ஆண்டைக்கு அது கிணற்றுக்குப் போட்ட பூட்டு. நம்முடைய பகுத்தறிவுத் தோழர்கள் இரண்டையும் மூடநம்பிக்கை என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். நம்பிக்கையைப் பற்றிப் பேசுகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த நம்பிக்கை யார் தலையில் பொறுப்பை ஏற்றுகிறது, யார் தலையிலிருந்து இறக்குகிறது என்பதுதான்.

இந்தக் கேள்வியோடு நம் சாமிகளின் கதைகளைத் திரும்பப் படித்தேன். அப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். திருவிழாவில் வாங்கிய பெரிய எழுத்து மதுரைவீரன் கதையை ராத்திரியில் தெரு விளக்கடியில் ராகம் போட்டுப் படிப்பார். சேரியே உட்கார்ந்து கேட்கும். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு அறமும் நீதியும் இந்த வழியாகத்தான் வந்து சேர்ந்தன.

மதுரைவீரன் யார்? எங்கள் வீட்டில் பிறந்தவன் என்கிறார்கள் அருந்ததிய மக்கள். அச்சில் வந்த கதையோ அவனைக் காசி ராஜா மகனாக்குகிறது. மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை நாட்டுக்கு ஆகாது என்று சோசியர்கள் சொல்ல, காட்டில் போட்டுவிடுகிறார்கள். செருப்புத் தைக்கும் சின்னான் எடுத்து வளர்க்கிறான். 1956-இல் வந்த சினிமாவும் இதே பிறப்பைத்தான் சொன்னது. பிறகு மதுரையில் திருமலை நாயக்கர் உத்தரவில் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறது. இது கொலை. ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. மீனாட்சி அருளால் கைகால் திரும்ப முளைத்த பின்னும், இது என் விதி என்று வீரனே தன் கழுத்தை அறுத்துக்கொள்வதாக ஒரு வடிவம் உண்டு. பாருங்கள், வெட்டச் சொன்னவன் கையில் ரத்தம் இல்லை. வெட்டுப்பட்டவனே கத்தியை எடுத்துக்கொள்கிறான்.

காத்தவராயன் கதையும் இப்படித்தான். தாழ்ந்த குலத்தவனாக வளர்ந்தவன் பார்ப்பனப் பெண் ஆரியமாலாவை விரும்பினான். கழுவில் ஏற்றினார்கள். கதைப்பாடல் என்ன சொல்கிறது? முன் பிறப்பில் தேவகன்னி ஒருத்தியின் மேல் ஆசை வைத்ததால் சிவன் கொடுத்த சாபமாம். ஆரியமாலாவும் அந்தக் கன்னியின் மறுபிறப்பாம். கழுமரத்தை நட்டவர்கள் வெறும் கருவிகள். குற்றவாளி போன சென்மத்துக் காத்தவராயன்.

முத்துப்பட்டன் கதையை நா. வானமாமலை 1971-இல் பதிப்பித்தார். பார்ப்பான் ஒருவன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களுக்காகக் குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்ட கதை. இந்தப் பெண்கள் உண்மையில் பார்ப்பனக் குழந்தைகள், காட்டில் கிடைத்தவர்கள் என்று பிற்கால வடிவங்கள் திருத்திக்கொண்டதை அவர் எடுத்துக் காட்டினார். மற்ற இரண்டு கதைகளிலும் இதே திருத்தும் கை நுழைந்திருக்கிறது என்பது என் வாசிப்பு. நடந்த கொடுமைக்கு ஒரு முன்கதை ஒட்டப்படுகிறது. அந்த முன்கதையில் கொலைகாரன் காணாமல் போகிறான். அப்பா வாசித்த அந்தப் பெரிய எழுத்துதான் அம்மாவின் வாயில் தலையெழுத்தானது.

இதை நேராகப் போட்டு உடைத்தவர் அம்பேத்கர். அவர் மறைவுக்குப் பின் 1957-இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், ஆன்மாவும் மறுபிறப்பும் கர்மமும் பற்றிய சிக்கலைத் தனியாக எடுத்து விவாதிக்கிறார். முன் பிறப்பு வினைதான் இந்தப் பிறப்பின் நிலைமைக்குக் காரணம் என்ற கோட்பாடு எதற்காக உண்டாக்கப்பட்டிருக்கும்? ஏழைகளின், தாழ்த்தப்பட்டவர்களின் நிலைமைக்கு அரசும் சமூகமும் பொறுப்பேற்காமல் தப்பிக்கத்தான் என்பது அவர் முடிவு. இதைப் படித்த அன்று ராத்திரி என் தங்கச்சி முகம்தான் ஞாபகம் வந்தது. அவள் செய்யாத பாவத்துக்கு அவள்மேல் வழக்கு. தண்ணி ஊற்றாதவர்கள்மேல் ஒரு வழக்கும் இல்லை.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கும் சௌகரியம். கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கும். ஆனால் முடிக்க முடியவில்லை.

அப்பா குடிப்பார். குடித்துவிட்டு அம்மாவை அடிப்பார். கேட்டால், "என் விதி, குடிக்கிறேன்" என்பார். நான் படித்தேன், இயக்கத்துக்கு வந்தேன், விதி என்ற சொல்லை விட்டேன். குடியை விடவில்லை. ஒரு நாள் கூட்டம் முடிந்து குடித்துவிட்டு வந்து என் மனைவியை அடித்தேன். காலையில் அம்மாவிடம் விளக்கம் சொன்னேன்: காலங்காலமாக மிதிபட்டவனுக்குள் இருக்கிற கோபம்மா இது, சாதி அமைப்பு நம்மை இப்படி ஆக்கி வெச்சிருக்கு. அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "உங்கப்பன் விதின்னான். நீ சாதின்ற. அடி வாங்கறது என்னமோ நாங்கதான்டா."

எந்த விமர்சகனும் என் எழுத்தைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. கர்மம் சமூகத்தின் குற்றத்தைத் தனிமனிதன் தலையில் கட்டுகிறது. நான் என் குற்றத்தைச் சமூகத்தின் தலையில் கட்டிவிட்டுத் தப்பப் பார்த்தேன். திசைதான் வேறு, தந்திரம் ஒன்றே. சாதி பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோபமும் பொய்யில்லை. ஆனால் கை என்னுடையது.

அம்பேத்கர் இந்த இடத்தையும் விட்டுவைக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். முன் பிறப்பு வினையைத் தூக்கி எறிந்தவர், வினையைத் தூக்கி எறியவில்லை. மனிதர் செய்கிற செயல்கள்தான் உலகத்தின் அறவொழுங்கைக் காக்கின்றன, கெடுக்கின்றன என்று கர்மத்துக்கு வேறு பொருள் கொடுத்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கான மக்களோடு தம்மம் ஏற்றபோது சொல்லவைத்த 22 உறுதிமொழிகளைப் பாருங்கள். இந்துக் கடவுள்களை வணங்கமாட்டேன் என்று தொடங்குகின்றன. அதே வரிசையில் பொய் சொல்லமாட்டேன், திருடமாட்டேன், மது அருந்தமாட்டேன் என்பதும் இருக்கிறது. நாம் முதல் பாதியை மேடையில் முழங்குகிறோம். பின் பாதியை முணுமுணுக்கிறோம். முதல் பாதி அவர்களுடைய பொறுப்பை அவர்களிடம் திருப்பிக் கொடுக்கிறது. பின் பாதி நம்முடையதை நம்மிடம் தருகிறது. ஒன்றில்லாமல் மற்றது நிற்காது.

அம்மா இன்னமும் வீரன் கோயிலுக்குக் கற்பூரம் கொளுத்தப் போகிறாள். நான் தடுப்பதில்லை. கூடப் போய் நின்று கேட்டிருக்கிறேன். அவள் கும்பிடுவதில்லை, சண்டை போடுகிறாள்: "பொட்டப்புள்ளய வாரிக் குடுத்தனே, கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு? பதில் சொல்லு." பெரிய எழுத்துக் கதையில் வீரன் தன் விதியை ஒப்புக்கொள்கிறான். அம்மாவோ வீரனையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கிறாள். சென்ம பாவம் என்று அழுத அதே வாய்தான் இதுவும். கதையைத் திருத்திய கையால் இந்தக் கேள்வியைத் திருத்த முடியவில்லை.

எழுத வருகிற இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்கள் சேரியில் கதை பாடுகிறவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். காசி ராஜா இல்லாத வீரனை, சாபம் இல்லாத காத்தவராயனைத் தேடுங்கள். கொன்றது யார் என்று ஒவ்வொரு கதையிடமும் கேளுங்கள். அப்புறம், நம் சொந்த வாழ்க்கையை எழுத உட்காரும்போது, அடித்தது யார் என்றும் கேளுங்கள். நான் கேட்கத் தாமதமாகிவிட்டது.