படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

செங்கல்பட்டுப் பக்கத்துச் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் பெரிய படம் பார்க்காத ஆள் கிடையாது. மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று ஜி.எஸ்.டி. சாலையோரம் ஃபிளெக்ஸில் ஆளை விடப் பெரிய முகங்கள். ஆனால் ஒரகடம் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பையனை சென்னையில் ஒரு புகைப்படக் கண்காட்சிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். "நம்மள உள்ள விடுவாங்களா?" என்பான். டிக்கெட் கிடையாது என்றால் சந்தேகம் இன்னும் கூடும்.

இந்தத் தயக்கத்துக்குச் சென்னை கண்ட வழி, படத்தை ஊருக்குள் கொண்டுவருவது. 2016-ல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்படத் திருவிழா முதல் முறையிலேயே திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தில் படங்களை மாட்டியது. 2019-ல் கலைஞர் புஷ்பமாலா அதைத் தொகுக்கும் பொறுப்பேற்றபோது சேப்பாக்கம் செனட் ஹவுஸ் திறந்தது. 1870களில் கட்டடக் கலைஞர் சிசோம் கட்டிய அந்த மண்டபம் வழக்கமாகப் பூட்டியே கிடக்கும். அங்கே முதன்முதலாக நுழைகிறவர் படத்தை விட்டுவிட்டுக் கூரையையும் வண்ணக் கண்ணாடியையும் அண்ணாந்து பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது. கட்டடம் பார்க்க வந்தவர் படமும் பார்த்துவிட்டுப் போகட்டுமே.

கொழும்பின் கதை வேறு. அங்கே நாடகத்துக்கும் ஓவியத்துக்கும் பேர்போன அரங்கே ஒரு புகைப்படக்காரர் பெயரில் இருக்கிறது. 1944-ல் இறந்த லயனல் வென்ட்டின் வீடு இருந்த இடத்தில் 1953-ல் எழுந்த அரங்கம் அது. நம் பக்கம் ஒரு கேமராக்காரருக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததாக நினைவில்லை. ஆனால் கொழும்பு ஏழின் வசதியான தெருக்களைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். செருப்பைக் கழற்றணுமா என்று யோசிக்க வைக்கும் சூழல். 2019 டிசம்பரில் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் அந்தத் தயக்கத்தை நன்றாகவே உடைத்தது. குறிப்புகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும். கூடவே, படத்தைப் பற்றி நம்மோடு பேசவே ஆட்கள் நிற்பார்கள். இந்த விஷயத்தில் என் ஓட்டு கொழும்புக்கு. சென்னைக் கலைக்கூடங்களில் ஆங்கிலக் குறிப்பு முன்னால் நிற்க, தமிழ் பின்னால் ஓடிவருவதை எத்தனை முறை பார்த்தாயிற்று!

இலங்கையின் வடக்கே போனால் இந்த ஒப்பீடே கொஞ்சம் தடுமாறும். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். சுற்றிலும் படங்கள். அடையாள அட்டை அளவில் இருந்ததைப் பெரிதாக்கியதால் பல முகங்கள் புள்ளி புள்ளியாகக் கலங்கியிருக்கும். அதைக் கண்காட்சி என்று சொல்ல வாய் வராது. அவர்கள் கேட்டது பதில், பார்வையாளர்களை அல்ல. ஆனாலும் படத்துக்குப் பக்கத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருப்பார். யார், எப்போது, எங்கே என்று கேட்டால் சொல்லுவார். குறிப்புப் பலகைக்கு அங்கே வேலையே இல்லை.

சென்னைக் கண்காட்சிக்காரர்கள் அடுத்த முறை தாம்பரத்தைத் தாண்டி வந்தால் தேவலை. செங்கல்பட்டு லோக்கலில் எழும்பூர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாரத்தில் ஒரே நாள் லீவு, அன்றைக்குத் துணி துவைக்கணும். திருமயிலையில் நடந்தது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் நடக்காதா? சாயங்கால ஷிஃப்ட் மாறும் நேரத்தில், ஒரகடத்தில் வேலை பார்க்கும் யாராவது ஒருவரையே படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தலாம். சம்பளம் கொடுத்துத்தான்.